படத்துக்குப் பின்னிருக்கும் காகிதம்

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைக் கடந்து உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றின் கரையில் அமைந்திருக்கும் மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் என்ற பெருமையினால் திருமாகறல் என்று சைவ உலகத்தில் வழங்கப்படுவது. யானையின் முதுகையொத்த கஜபிருஷ்ட விமானத்தின் கீழ், உடும்பின் வாலைப் போல மெலிந்த திருமேனியாய் எழுந்தருளியிருக்கும் மாகறலீசரைத் தரிசித்துவிட்டு மேலும் சிறிது தூரம் போகிறவர்கள், முதற் பராந்தக சோழனுடைய காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், உத்திரமேரூர் மகாசபையார் தம் குடவோலை விதிகளைப் பொறித்துவைத்த கல்வெட்டுகளைக் காணலாம். கல்லிலே தன் விவகாரங்களை இத்தனை நுட்பமாக எழுதிவைத்துக்கொண்ட இந்தப் பிரதேசம், கடந்த ஒன்றரை நூற்றாண்டில் தன் மக்களின் முகங்களைக் காகிதத்திலே எவ்வாறு காத்துவந்திருக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அதிலும், பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையிலான அந்தப் பருவத்தில், குழந்தை முகம் மறைந்து ஆளின் முகம் தோன்றிக்கொண்டிருக்கும் வேளையில் எடுத்த ஒரு படத்தை எந்தக் காகிதத்தின்மேல் ஒட்டினார்கள், ஏன் அதையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது சரித்திரக்காரர்கள் பொருட்படுத்தாத விஷயமாகவே இருந்துவருகிறது. எனக்கோ அது அலட்சியம் செய்யத்தக்க விஷயமாகத் தோன்றவில்லை.

இன்று அதைப் பேசவேண்டிய அவசியமும் வந்திருக்கிறது. பஸ் ஏறி உத்திரமேரூருக்கும் காஞ்சிக்கும் படிக்கப் போகும் பெண்களும் பிள்ளைகளும், தோழியின் பிறந்தநாளுக்கென்றோ பள்ளியைவிட்டுப் பிரியும் நாளுக்கென்றோ, கைப்பேசியில் குவிந்து கிடக்கும் படங்களில் சிலவற்றை அச்சிட்டு வாங்கி, ஸ்கிராப்புக் என்று அவர்களே வழங்கும் ஒட்டுப் புத்தகத்தைத் தம் கையாலேயே தயாரிக்கிறார்கள். ஸ்டேஷனரிக் கடைக்காரர் அவர்கள் முன்னே சார்ட், கிளேஸ் பேப்பர், கிரேப் பேப்பர், வெல்வெட் பேப்பர், மார்பிள் பேப்பர், மினுமினுக்கும் கிளிட்டர் ஷீட், சணல் நிறத்திலுள்ள கிராஃப்ட் பேப்பர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பும்போது, எதைப் படத்துக்குப் பின்னே வைத்தால் பொருந்தும் என்று அவர்கள் சிறிது நேரம் திகைத்து நிற்பதைக் காணலாம். அந்தத் திகைப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னைப் பட்டணத்தில் புகைப்படக் கலை வேரூன்றிய காலத்திலிருந்தே, படம் பிடிப்பவனுக்கும் படத்தை ஒட்டுகிறவனுக்கும் அந்தப் பிரச்சினை இருந்துவந்திருக்கிறது. அதற்கு அவ்வக்காலத்தார் கண்ட விடைகளில் சில நமக்கு இப்போதும் பிரயோஜனப்படக்கூடியவை.

பாரிஸ் நகரத்து டாகேர் 1839-இல் உலகத்துக்கு வெளியிட்ட முறையில் உருவம் பதிந்தது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில். அங்கே காகிதத்துக்கு வேலையில்லை. காகிதப் படம் பெருவழக்கானது, 1850-இல் பிரான்சு தேசத்து பிளாங்கார்-எவ்ரார் என்பவர் முட்டையின் வெண்கருவைப் பூசிப் பதப்படுத்திய ஆல்புமென் காகிதத்தை அறிமுகப்படுத்திய பிறகுதான். அந்தக் காகிதம் மிகவும் மெல்லியது. ரசாயனத்தில் அலசி உலர்த்தியதும் ஓலைச்சுருள் போலச் சுருண்டுகொள்வது. ஆகையால் கனமான அட்டை ஒன்றின்மேல் பசை தடவி அழுத்தி ஒட்டினாலன்றி அதைக் கையில் பிடித்துப் பார்க்கவே இயலாது. படத்துக்குப் பின்னே வேறொரு காகிதம் வேண்டும் என்ற ஏற்பாடு அழகின்பொருட்டுத் தோன்றியதன்று, சுருளும் தாளை நிமிர்த்துவதற்காகத் தோன்றியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அலங்காரம் பின்னால் வந்து சேர்ந்தது.

சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியிலும், 1856-இல் அவர் முயற்சியால் ஏற்பட்ட புகைப்படச் சங்கத்திலும் இந்த வித்தை பயிலப்பட்டது. அதே 1856-இல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் ட்ரைப், மெழுகு ஊட்டிய காகிதத்தையே நெகடிவாகக் கொண்டு திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களில் படங்கள் எடுத்து, 1858-இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்றை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, அந்த 21 படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பு பொருத்தி ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அவர் ஆக்கினார். கல்லிலிருந்த தொடர்ச்சியை அறுக்காமல் காகிதத்திலே காட்டவேண்டும் என்ற அந்தக் கவலையை நம் நாட்டில் படம் ஒட்டும் கலையின் தலைவாயில் என்று சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். படத்தை வெட்டியதும் ஒட்டியதும் படத்திலுள்ள பொருளின் நன்மைக்காகவே அங்கே நடந்தன.

பிறகு வந்தது சிறு அட்டைப் படங்களின் காலம். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854-இல் காப்புரிமை பெற்ற, விஸிட்டிங் கார்டு அளவேயுள்ள படங்களும், அடுத்த பத்தாண்டில் பரவிய, அவற்றைவிடப் பெரிய காபினெட் அட்டைகளும் ஐரோப்பாவைப் போலவே சென்னையிலும் பெருகின. மவுண்ட் ரோட்டிலிருந்த வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்களின் பெயரை அட்டையின் அடியில் பொன்மையில் பொறித்திருப்பதைப் பழைய குடும்பங்களில் இன்றும் காணலாம். அந்த அட்டைகளின் நிறத்தைக் கவனித்தால் ஒரு நியாயம் புலப்படும். ஆல்புமென் படம் கறுப்பு வெள்ளையன்று. செம்பழுப்பு அதன் சாயல். ஆதலால் அதற்குத் தந்தமும் சந்தனமும் கலந்தாற்போன்ற வெளிர்நிற அட்டையையோ, அடர்ந்த அரக்கு, கரும்பச்சை நிற அட்டையையோ தேர்ந்தார்கள். தூய வெள்ளை அட்டையில் வைத்தால் படத்திலுள்ள வெள்ளைத் துணி அழுக்கேறியதுபோலத் தோன்றும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். படத்திலுள்ள மிக வெளிச்சமான இடத்தைவிடப் பின்னிருக்கும் காகிதம் வெளிச்சமாக இருக்கலாகாது என்ற இந்த விதி, அக்காலத்துத் தொழிலாளர் கையோடு கைமாறிவந்த ஒன்று. இன்றைக்கும் அது பொய்த்துவிடவில்லை.

கிராமங்களுக்கு இந்த வித்தை வந்துசேர்ந்தது மெதுவாகத்தான். பட்டணத்துக்குப் போய்ப் படித்த பிள்ளை ஒருவன் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று, அல்லது கல்யாணத்தின்போது எடுத்த படம் ஒன்று, கூடத்தில் நிலைப்படிக்கு மேலே முன்பக்கம் சாய்ந்தாற்போல மாட்டப்பட்டிருக்கும். வீட்டுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் தாலுகா ஊர்களிலெல்லாம் ஸ்டுடியோ வைத்த பிறகே படங்கள் பெருகி, அவற்றை அடுக்கிவைக்க ஆல்பம் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து ஆல்பம் ஒன்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்போம். துணி ஒட்டிய தடித்த அட்டை. அதன் ஓரத்தில் இரண்டு துளையிட்டுக் குஞ்சம் தொங்கும் பட்டுக் கயிற்றால் முடிந்திருக்கிறது. உள்ளே தாள்கள் எல்லாம் கறுப்பு. பளபளப்பில்லாத, கரும்பலகையின் கறுப்பு. ஒவ்வொரு கறுப்புத் தாளின்மேலும், சிலந்திவலைக் கோலம் பதித்த மெல்லிய வெண்தாள் ஒன்று திரையிட்டிருக்கிறது. அதைத் தூக்கும்போது ஒரு சரசரப்பு எழும். படத்தைப் பசையால் ஒட்டவில்லை. நான்கு மூலையிலும் நான்கு முக்கோணக் காகித உறைகளைத் தாளில் ஒட்டி, அவற்றுக்குள் படத்தின் மூலைகளைச் செருகியிருக்கிறார்கள். படத்தின் விளிம்போ நேராக இல்லாமல், தபால்தலை ஓரம்போலப் பல்பல்லாக வெட்டப்பட்டு, நான்கு பக்கமும் வெள்ளைக் கரை விட்டிருக்கிறது. அடியில் வெள்ளைப் பென்சிலால் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு வருஷம். கறுப்புத் தாளும் வெள்ளைக் கரையும் சேர்ந்து, நடுவிலுள்ள முகத்தின் ஒளியையும் நிழலையும் தூக்கிக் கொடுக்கின்றன. திரைத்தாள் எதிரெதிர்ப் படங்கள் ஈரக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. மூலையுறைகளால் படத்தை எந்நேரமும் சேதமின்றி வெளியே எடுக்க முடிகிறது. தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றிலும் எத்தனை யோசனை அடங்கியிருக்கிறது!

அத்தகைய ஆல்பத்தில் இளம்பருவத்துப் படம் என்று ஒன்று இருக்குமானால், பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாப் படமாக இருக்கும். தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த பட்டுப்பாவாடையும் தாவணியும் உடுத்து, தாழம்பூவும் மல்லிகையும் தைத்த சடை பின்னி, அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவார்கள். முகத்தையும் படம் பிடிக்க வேண்டும், பின்னே தொங்கும் பூச்சடையையும் படம் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க, ஸ்டுடியோக்காரர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை அவள் பின்னே சாய்வாக நிறுத்தி, சடை அதிலே பிரதிபலிக்கும்படி செய்தார். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்கள் கண்ட யுக்திகளுள் இதற்கு இணையான வேறொன்றை நான் அறியேன். அந்தப் படத்தில் திரைச்சீலையின் சித்திரம் ஒருபுறம், கண்ணாடியின் சட்டம் ஒருபுறம், பூவும் நகையும் சரிகையும் ஒருபுறம் என்று கண்ணை இழுக்கும் பொருள்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அதை ஒட்டும் காகிதத்திலும் ஒரு பூ இருந்திருந்தால் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியின் வெட்கமும் மிரட்சியும் கலந்த அந்த முகம் எங்கே போயிருக்கும்? வெறுமையான கறுப்புத் தாள்தான் அதைக் காப்பாற்றியது.

பையன்களுக்கு அப்படியொரு விழா இல்லாததால், அவர்களுடைய முகம் ஆவணத்தில் ஏறியது பள்ளிக்கூடத்தின் குரூப் போட்டோவில்தான். ஆசிரியர்கள் நாற்காலியில் அமர, கடைசி வரிசையார் பெஞ்சின்மேல் ஏறி நிற்க, எடுத்த படத்தைச் சாம்பல் நிற அட்டையில் ஒட்டி, மேலே பள்ளியின் பெயரும் ஆண்டும், கீழே வரிசைப்படி ஒவ்வொருவர் பெயரும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். படத்தைச் சுற்றி அகலமாக விட்ட அந்தச் சாம்பல் வெளி வீணான இடமன்று; பெயர்கள் அமர்வதற்கான இடம். நாற்பது ஐம்பது முகங்களுள் தன் தகப்பனாரைத் தேடும் பேரன், விரலை வைத்து வரிசை எண்ணிப் பெயரோடு பொருத்திக்கொள்வது அதனால்தான் முடிகிறது.

இளைஞர்கள் தாமே காகிதத்தின் நிறத்தைத் தேர்ந்துகொள்ளத் தொடங்கிய முதல் இடம், என் எண்ணத்தில், ஆட்டோகிராஃப் நோட்டுதான். பள்ளியிறுதி வகுப்பு முடியும் தறுவாயில், உள்ளங்கையளவுள்ள அந்த நோட்டை வாங்கி, நண்பர்களிடம் நீட்டி எழுதி வாங்குவது ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றிருந்தது. அதன் தாள்கள் ரோஜா, இளநீலம், இளமஞ்சள், இளம்பச்சை என்று மாறி மாறி வரும். நெருங்கிய தோழிக்கு ரோஜா நிறத் தாளை ஒதுக்கி வைப்பதும், ஒருவர் தமக்குப் பிடித்த நிறம் வரும்வரை புரட்டிக்கொண்டு போவதும், எழுதிய பக்கத்தின் மூலையில் ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த பாஸ்போர்ட் படத்தின் மிச்சப் பிரதியை ஒட்டுவதும் நடந்தன. ஸ்லாம் புக் என்ற கேள்விப் புத்தகம் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய ஸ்கிராப்புக் இவ்விரண்டின் வழியில் வந்தது. மேல்நாட்டிலிருந்து நேற்று இறங்கிய நாகரிகமென்று அதைத் தள்ளுகிறவர்கள், தம் அலமாரியில் கிடக்கும் பழைய ஆட்டோகிராஃப் நோட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். மங்கலான அந்த நான்கு நிறங்களும் கறுப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் படத்துக்கு எவ்வளவு இணக்கமாக அமைந்தன என்பதும் அப்போது விளங்கும்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் நம் ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய காகிதத்தில் கணிசமானது நம் மலைமேலேயே தயாரானது. 1960-இல் ஏற்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை, உதகமண்டலத்தின் தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடி அங்கே அமைந்தது. சந்திரனைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயரோடு அதன் பிலிமும் காகிதமும் ஊர்தோறும் சென்றன. அந்த ஆலை இன்று இல்லை. வண்ணப்படம் பரவியபோதும், பிறகு பிலிமே வழக்கொழிந்தபோதும் அதனால் ஈடுகொடுக்க முடியாமற் போனது நம் தொழில் சரித்திரத்தில் வருந்தத்தக்க அத்தியாயம்.

1980-களில் வண்ணப்படம் கிராமத்துக்கு வந்ததோடு, காகிதத்தைப் பற்றிய பழைய கவனம் குலைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்புத் தாள் ஆல்பம் பழசாகக் கருதப்பட்டு, பசைக் கோடுகள் இழுத்த அட்டையின்மேல் படத்தை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடும் ஆல்பம் வீடுகளில் புகுந்தது. மூலையுறை வேண்டாம், பசை வேண்டாம், வைத்து மூடினால் முடிந்தது என்ற சௌகரியம் அனைவரையும் கவர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளித்துப் படத்தின் முதுகைக் கவ்விக்கொண்டது, பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் அமிலமும் படத்தைத் தாக்கியது. எடுக்க முயன்றால் படம் கிழிந்தது. அக்காலத்து வண்ணப் பிரதிகளில் நீலச் சாயமே முதலில் மங்குவது இயல்பாதலால், இருட்டில் வைத்திருந்தும்கூட முகங்களெல்லாம் சிவந்து போயின. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் எடுத்த பாவாடை, ஆல்பத்தில் இன்று செங்கல் நிறமாக இருப்பதைப் பார்த்துத் தாய்மார்கள் மனம் வருந்துவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். கறுப்புத் தாளும் குற்றமற்றதன்று. மரக்கூழில் செய்த மலிவான காகிதமாதலால் அதுவும் நாளடைவில் புளித்து நொறுங்குவதுதான். ஆயினும் அதிலிருந்த படத்தை வெளியே எடுத்துக் காப்பாற்ற முடிந்தது.

புளிப்பு என்று நான் சொல்வது அமிலத்தை. மை ஊறிப் பரவாமலிருக்கக் காகிதத்துக்குப் படிகாரமும் குங்கிலியமும் சேர்க்கும் முறையை 1807-இல் ஜெர்மானியரான இல்லிக் என்பவர் வெளியிட்டார். அதன் பிறகு மரத்தை அரைத்துக் காகிதம் செய்யும் வழக்கமும் வந்தது. படிகாரத்திலிருந்து அமிலம் பிறக்கிறது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் பழுக்கிறது. பழைய செய்தித்தாள் பழுப்பதும் நொறுங்குவதும் இவற்றால்தான். புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் ராமபாணப் பூச்சி வராதபடி மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகத்துக்கு அது நல்லது, படத்துக்கு ஆகாது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற குடும்பத் தலைவி, தாம் வருஷக்கணக்காகச் சேர்த்த குடும்பப் புத்தகங்களை 1980-இல் சால்ட் லேக் நகரத்தில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தபோது, அங்கே ஒட்டுப் புத்தகக் கலை புத்துயிர் பெற்றது. அடுத்த ஆண்டே அவர் குடும்பத்தார் அதற்கென ஒரு கடை தொடங்கினர். அமிலமற்ற காகிதம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த இயக்கத்தோடு சாதாரண வீடுகள்வரை பரவியது. படத்தைக் காகிதம் கெடுக்குமா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 18916 என்ற சர்வதேசத் தரமே இப்போது உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் சார்ட்டும் கிளேஸ் பேப்பரும் அந்தச் சோதனைக்கு உட்பட்டவை அல்ல.

இதற்கிடையே நம் ஊர்களில் கரிஷ்மா ஆல்பம் வந்தது. படத்துக்குப் பின்னே காகிதம் வைக்கும் முறையே அதில் ஒழிந்துபோய், கம்ப்யூட்டரில் படத்தோடு சேர்த்துப் பின்னணியும் அச்சாகிவிடுகிறது; 12-க்கு 36 அங்குலம் விரியும் கிழியாத தாளில், வெல்வெட், மெட்டாலிக், கிளாசி என்ற மேற்பூச்சுகளோடு, பெண்ணின் உருவத்தை ரோஜாவின் நடுவிலும் அருவியின் அடியிலும் வைத்துக் கொடுக்கிறார்கள். அத்தொழிலில் உழைக்கும் இளைஞர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். இரவு பகலாகத் திரை முன்னிருந்து முகூர்த்த நாளுக்குள் முடித்துக் கொடுக்கும் சிரமமும் பெரிது. எனினும், பின்னணி முகத்தை விழுங்குகிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணை அவள் நின்ற வீட்டு வாசலிலிருந்தும், அவள் அத்தை போட்ட கோலத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து, எங்கோ இருக்கும் பனிமலையின்மேல் நிறுத்திவிட்டால், முப்பது வருஷம் கழித்து அந்தப் படம் அவளுடைய ஊரைப் பற்றி என்ன சொல்லும்?

இன்றைய இளைஞர்கள் இதில் தம் பெற்றோரைவிடத் தெளிவாக இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவர்கள் ஸ்கிராப்புக்குக்கு மிகுதியாக நாடுவது கறுப்புத் தாளையும் பழுப்புக் கிராஃப்ட் தாளையும்தான். அவர்கள் அச்சிட்டு வாங்கும் ‘போலராய்டு’ படங்களில் நான்கு பக்கமும் வெள்ளைக் கரை திரும்ப வந்திருக்கிறது. அடிப்பக்கம் அகலமாக விட்ட கரையில் பெயரையும் தேதியையும் எழுதுகிறார்கள். பாட்டி காலத்து ஆல்பத்தை நேரில் காணாதவர்கள்கூட அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருப்பதால், அந்த முடிவில் உண்மை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அவர்களுடைய படங்கள் பழைய படங்கள் அல்ல. கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்து எடுத்தவை, முகம் சட்டம் நிறைய வருபவை, நெட்டுக்குத்தாக நீண்டவை, ஐந்தாறு பேர் நெருக்கியடித்து நிற்பவை, பின்னே பஸ்ஸும் கடைப்பலகையும் கல்லூரி மரமும் கலந்து தெரிபவை, உடையோ பல நிறத்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்த நிறத் தாளும் ஓரளவு ஒத்துப்போகும். வண்ணப்படம் அப்படியன்று, பக்கத்திலுள்ள நிறத்தோடு மல்லுக்கு நிற்கும். இதற்கு வழி தேட நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. மாகறலிலிருந்து பஸ் ஏறினால் வரும் காஞ்சியில், தறியின்முன் உட்கார்ந்திருக்கிற நெசவாளரைக் கேட்டாலே போதும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதற்கு மாறான நிறம் என்று தனித்தனி நாடாவில் ஓட்டி, இரண்டையும் கோர்வை போட்டுப் பிணைப்பது அவர்கள் மரபு. மாம்பழ நிற உடலுக்கு அரக்குக் கரை. அரக்கு உடலுக்கு இலைப்பச்சைக் கரை. உடல் பெரிது, கரை சிறிது. உடலிலே புட்டா நிறைந்திருந்தால் கரையை அடக்கமாகவும், உடல் வெறுமையாக இருந்தால் கரையைக் கனமாகவும் அமைப்பார்கள். ஸ்கிராப்புக்கில் படமே உடல், காகிதமே கரை. படத்தில் மிகுதியாக இருக்கும் நிறத்தையே காகிதத்துக்கும் தேடுகிறவர்கள், முகத்தை அந்த நிறத்துக்குள் தொலைக்கிறார்கள். படத்தில் மிகச் சிறிதாகத் தெரியும் நிறத்தை, ஒரு ரிப்பனின் பச்சையை அல்லது வளையலின் அரக்கை எடுத்து, அதன் மங்கலான சாயலில் தாள் தேர்ந்தால், கண் முதலில் முகத்துக்குப் போய்ப் பிறகுதான் தாளுக்கு வரும். பலர் நெருக்கி நிற்கும் படத்துக்குச் சித்திரமில்லாத தாள். பள்ளிச் சீருடையில் தனியே நிற்கும் படத்துக்குச் சிறு கோடோ புள்ளியோ உள்ள தாள். கோயில் திருவிழாவிலும் பட்டுடுத்திய விசேஷத்திலும் எடுத்த படத்துக்குச் சணல் நிறத் தாள் அல்லது கறுப்பு. கிளிட்டர் ஷீட்டை மட்டும் வேண்டாமென்பேன்; அதன் துகள் உதிர்ந்து படத்தின் முகத்தைக் கீறும்.

நல்ல காகிதம் நமக்கு எட்டாததும் அன்று. 1934-இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தமிழரான ஜே.சி. குமரப்பா, கையால் செய்யும் காகிதத்தை அழியவிடலாகாத கிராமத் தொழில்களுள் ஒன்றாகக் கருதி ஆதரித்தார். ஜெய்ப்பூரிலுள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரி அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்துவருகிறது. மரம் சேராத பருத்தியில் லிக்னின் இல்லை. ஆகையால் அத்தகைய தாள் எளிதில் பழுப்பதில்லை. பூவிதழ் பதித்ததை விட்டுவிட்டு, வெறும் தாளாக, அமிலமில்லாததா என்று கேட்டு வாங்கினால் படத்துக்கு அதைவிட உகந்த துணை கிடைப்பது அரிது. தொட்டால் தெரியும் அதன் சொரசொரப்பு, வழவழப்பான படத்துக்கு நல்ல எதிரொப்பாகவும் அமைகிறது. விலை சற்று அதிகம்தான். ஆனால் ஒரு புத்தகத்துக்கு வேண்டிய தாள்கள் எத்தனை?

புதுச்சேரியிலேயே இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களிலும் குடும்பங்களிலும் எஞ்சியிருக்கும் படங்களைத் தேடி மின்பதிவு செய்தது போற்றத்தக்க காரியம். ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு, கண்ணாடி நெகடிவ்கள் பழைய சாமான்கள் விலைக்குப் போன பிறகு, வீட்டு ஆல்பங்களே பல ஊர்களுக்கு எஞ்சிய சாட்சியங்கள். செய்யாற்றங்கரை ஊர்களிலும் அத்தகைய ஆல்பங்கள் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் கறுப்புத் தாளைக் கிழித்தெறியாமல், பெட்டியை ஈரமில்லாத அறையில் வைத்து, பசை ஆல்பத்தில் அகப்பட்ட படங்களைப் பலவந்தமாக உரிக்காமல் இருந்த இடத்திலேயே முதலில் நகலெடுத்துக்கொள்ளட்டும். புதிதாக ஸ்கிராப்புக் செய்யும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: படத்தை முழுவதும் பசையால் ஒட்டாமல் மூலைகளில் செருகுங்கள், படத்தின் முதுகில் மை படியாதாதலால், அதன் கீழேயுள்ள தாளில் பென்சிலால் நிற்பவர் ஒவ்வொருவரின் பெயரையும், ஊரையும், தேதியையும் எழுதுங்கள், பெயர் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே அதை எழுதிவிடுங்கள்.